ஆறு ஜன்னல் அட்டை

"ஞாயித்துக்கிழமை காலையில சீக்கிரம் கிளம்பி இரு" என்றார் மாமா. "கூட்டம் சேர்றதுக்குள்ள ஓட்டுப் போட்டுட்டு வந்துடலாம்."

"யாரு போடுறது?" என்று அம்மா கேட்டாள்.

"நீதான்."

"போன தடவை நீதானே போட்டே."

மாமா செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றபடி கையுறைக் கட்டை உள்ளே தள்ளி வைத்தார்.

"உனக்காகத்தான் போட்டேன். கண்ணு தெரியாதவங்களுக்குத் துணை ஆள் போடலாம். சட்டமே அப்படித்தான்."

"நான் சொன்ன சின்னத்துல போடணும். அதுவும் சட்டம்தான்."

"மாமா, அம்மா சொன்னதை விட்டுட்டு வேற எதுல போட்டீங்க?" என்று ஊசி கேட்டாள்.

"நீ வாயை மூடு. பெரியவங்க பேசுறாங்கல்ல?"

ஊசிக்கு வேறு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒல்லியாக இருப்பாள். குத்திக் குத்திக் கேள்வி கேட்பாள். அதனால் அம்மா வைத்த பெயர் அது.

மாமா குரலைத் தாழ்த்தினார்.

"இந்தத் தடவை முதலாளியே நிக்கிறார். ஏணிச் சின்னம். நம்ம தெருவுக்கு என்னைத்தான் பொறுப்பாக்கியிருக்காங்க. ஒரு ஓட்டு மாறினாலும் என் கழுத்துக்குத்தான் வரும். அப்புறம் இந்தக் கட்டு வருமா வராதான்னு என்னால சொல்ல முடியாது."

அவர் மிரட்டவில்லை. பயந்துபோய்த்தான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மாமா போன பிறகு அம்மா கட்டை அவிழ்த்தாள்.

அம்மாவுக்கு முன்பு கண் தெரியும். முதலாளியின் கையுறைக் கம்பெனியில் தோல் வெட்டினாள். அட்டையில் செய்த கை மாதிரியைத் தோல்மேல் வைத்து, கோடு போட்டு, கத்தியால் வெட்டுவாள். தோலை மிருதுவாக்க ஒரு மருந்து உண்டு. அந்த மருந்து டிரம்மின் மூடி பழுது. அம்மா சொல்லிப் பார்த்தாள். கூட வேலை செய்தவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றது கம்பெனி. ஒரு நாள் மூடி தெறித்தது. மருந்து அம்மாவின் முகத்தில் அடித்தது.

அம்மா கவனமாக இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. பேச்சு அதோடு முடிந்தது.

அப்பா இல்லை. அவர் போனபோது ஊசிக்கு நடக்கவே தெரியாது. வேலை வேண்டும். அந்தக் கம்பெனியில் மாமா சூப்பர்வைசர். அவர்தான் வீட்டுக்கு வேலை கொண்டு வந்து கொடுத்தார்.

கையுறையை உள்பக்கம் வெளியே இருக்கும்படிதான் தைப்பார்கள். தைத்த பிறகு ஒவ்வொரு விரலாகக் குச்சியை விட்டுப் புரட்ட வேண்டும். அதற்குக் கண் தேவையில்லை. அம்மாவின் கையில் ஒரு கையுறை முழுதாகப் புரண்டுவிடும், ஊசி அப்போதும் ஒரு விரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். ஒரு கட்டு முடிந்ததும் அதன் சீட்டில் ஊதா மையில் முத்திரை குத்துவார்கள். அது ஊசியின் வேலை.

அன்று அம்மா புரட்டிக்கொண்டே இருந்தாள். இடையில் ஒரு கையுறையைப் பழைய அட்டை மாதிரியின்மேல் வைத்து அளவு பார்த்தாள். விரல் அட்டையின் ஓரத்தில் ஓடியது. "இது பெரிய அளவு. தப்பான கட்டுல வந்திருக்கு" என்று தனியே போட்டாள்.

ஊசி அந்த அட்டையையே பார்த்தாள்.

"அம்மா, ஓட்டுச்சீட்டுக்கும் இப்படி ஒரு அட்டை வெட்டினா?"

அம்மாவின் குச்சி பாதி விரலில் நின்றது.

"எப்படி?"

"சீட்டு அளவுக்கே அட்டை. முத்திரை குத்துற கட்டத்துக்கு நேரா ஓட்டை. நீ மேலேருந்து தடவிக்கிட்டே வந்தா எது யாரோடதுன்னு தெரியும்ல?"

அம்மா குச்சியைக் கீழே வைத்தாள்.

"சீட்டு அளவு உனக்கு எப்படித் தெரியும்?"

"பள்ளிக்கூடத்துச் சுவத்துல மாதிரிச் சீட்டு ஒட்டியிருக்காங்க."

"போ" என்றாள் அம்மா. "நூலை எடுத்துக்கிட்டுப் போ. ஸ்கேலை எடுத்துக்கிட்டுப் போனா யாராவது பிடுங்கிடுவாங்க."

பள்ளிக்கூட வாசலில் காவலாளி உட்கார்ந்திருந்தார். ஊசி சுவரோரம் நின்று, நூலை மாதிரிச் சீட்டின்மேல் வைத்துப் பிடித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"என்ன பண்றே?"

"அளவு எடுக்கிறேன் தாத்தா."

"ஓட்டுச்சீட்டுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"ஆமா. முழுக்கை வச்சு."

காவலாளி சிரித்தார். பிறகு சாலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சீக்கிரம் எடுத்துட்டுக் கிளம்பு. கம்பெனி ஆளுங்க இந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டே இருக்காங்க" என்றார்.

சீட்டில் ஆறு பேர். மேலிருந்து கீழே குடை, சாவி, ஏணி, படகு, மணி, நாற்காலி. ஊசி நடந்துகொண்டே அதை மனப்பாடம் செய்தாள்.

வீட்டில் பழைய கை மாதிரி அட்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்து, நூலை வைத்து, குறி போட்டு, ஆறு கட்டங்களை வெட்டி எடுத்தாள். அம்மா வாங்கித் தடவினாள்.

"ஆறு ஜன்னல்" என்றாள். "ஆனா நழுவுது."

"என்ன பண்ணலாம்?"

"மேல் ஓரத்தைக் கொஞ்சம் மடி. சீட்டோட தலையில கொக்கி மாதிரி உக்காரும். சீட்டைப் புத்தகத்துலேருந்து கிழிச்சுத்தானே தர்றாங்க? கிழிச்ச ஓரம் சொரசொரன்னு இருக்கும். எனக்கு ஞாபகம் இருக்கு. அதுதான் தலைப்பக்கம்."

ஊசி மடித்தாள். அட்டை உட்கார்ந்தது.

பிறகு பழகினார்கள். பழைய தாளைச் சீட்டு அளவுக்கு வெட்டினார்கள். கட்டுக்குக் குத்தும் ஊதா முத்திரையை அம்மா கையில் எடுத்தாள்.

"படகு" என்றாள் ஊசி.

அம்மாவின் விரல் ஜன்னல் ஜன்னலாக இறங்கியது. குத்தினாள். சரியாக விழுந்தது.

"குடை. மணி. சாவி."

எல்லாம் சரியாக விழுந்தன.

"ஏணி."

"அதையும் குத்தணுமா?"

"பழகணும்ல?"

"சரி. பழக்கத்துக்கு மட்டும்."

விளக்கேற்றும் நேரத்துக்குள் அட்டையின் ஆறு ஜன்னல் ஓரமும் ஊதாவாகிவிட்டது. அட்டையின் விளிம்பும் கைபட்டுக் கைபட்டு மழுங்கிப் போனது.

"இதைக் கொண்டு போக முடியாது" என்றாள் அம்மா. "மை சீட்டுல ஒட்டும். இதே மாதிரி புதுசா ஒண்ணு வெட்டு."

ஊசி புதிதாக ஒன்று வெட்டினாள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றில் கறை, ஒன்றில் கறை இல்லை.

"எந்த ஜன்னல்லம்மா குத்தப் போறே?"

"அது உனக்கு எதுக்கு?"

"நான்தானே அட்டை வெட்டினேன்?"

"வெட்டினா? தைக்கிறவங்க சட்டையைப் போட்டுக்கிட்டா போறாங்க?"

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக் கிடந்தது. மழையும் வரவில்லை, வெயிலும் வரவில்லை. இரண்டு அட்டைகளும் ஊசியின் பள்ளிக்கூடப் பையில் இருந்தன. வரிசையில் நிற்கும்போது இன்னொரு தடவை தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா பழையதையும் எடுத்து வரச் சொல்லியிருந்தாள்.

மாமா முன்னால் நடந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

வரிசை நீளமாக இருந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. கம்பெனியில் வேலை செய்பவர்கள்தான் பாதிப் பேர். வாசலுக்கு எதிரே முதலாளியின் ஆட்கள் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதைத் தவிர அவர்கள் எதுவும் செய்யவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

வாக்குச்சாவடி ஊசியின் வகுப்பறைதான். அதனால் அவள் அம்மாவின் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"உள்ளே போனதும் வலது பக்கம் கரும்பலகை. அதுக்குக் கீழே மேசை. மூலையில அட்டைப்பெட்டி மறைப்பு வச்சிருக்காங்க. அங்கே தரையில ஒரு ஓடு பேந்திருக்கும். கால் தடுக்கும், பாத்து."

மாமா முதலில் உள்ளே போனார். ஊசி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மாமா மறைப்புக்குப் பின்னால் போனார், வந்தார். பெட்டியில் போடுவதற்கு முன் சீட்டை மடிக்காமல் ஒரு நொடி நின்றார். பக்கத்துப் பெஞ்சில் கம்பெனிக் கணக்கர் உட்கார்ந்திருந்தார். முதலாளி சார்பில் ஓட்டுப்பதிவைக் கவனிக்க வந்தவர். மாமா சீட்டை அவர் பக்கம் லேசாகத் திருப்பிக் காட்டினார். கணக்கர் தலையசைத்தார். அப்புறம்தான் மாமா சீட்டை மடித்தார்.

அதிகாரி அப்போது மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அவருக்குச் சளி. அவர் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

அம்மாவின் முறை வந்தது. ஊசி கையைப் பிடித்து அழைத்துப் போனாள். மாமா வெளியே போகாமல் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"துணை யாரு?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார். கூடப் பிறந்த அண்ணன்."

"எனக்குத் துணை வேண்டாம்" என்றாள் அம்மா.

அதிகாரி தும்மினார். கைக்குட்டையைத் தேடினார்.

"வேண்டாம்னா எப்படிம்மா போடுவீங்க? சின்னமெல்லாம் தாள்ல அச்சடிச்சிருக்கு. கையில தட்டுப்படாது."

"அட்டை இருக்கு சார்."

ஊசி புது அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சீட்டின்மேல் வைத்தார். ஆறு ஜன்னலிலும் ஆறு கட்டம் தெரிந்தது.

"அடையாளம் ஏதாவது போட்டிருக்கா?"

"எல்லா ஜன்னலும் ஒண்ணுதான் சார். தடவிப் பாருங்க."

அதிகாரி கண்ணை மூடித் தடவிப் பார்த்தார்.

"சார், வெளியில கொண்டு வந்ததை எல்லாம் உள்ளே விட்டா எப்படி?" என்றார் கணக்கர்.

அதிகாரி ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார்.

"அட்டை கூடாதுன்னு இதுல இல்லையே."

"கூடும்னும் இல்லையே."

"இல்லாததை வச்சு நான் எப்படிங்க ஒருத்தரைத் தடுக்கிறது?"

பின்னால் வரிசை முனகியது.

"கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாடு? அண்ணன்காரர் ஒரு குத்துக் குத்திட்டுப் போகட்டும்."

அம்மா திரும்பவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றாள். "எனக்கும் உங்களை மாதிரி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான்."

முனகல் நின்றது.

"யாரு வெட்டினது?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார்."

"எந்த வகுப்பு?"

"இதே வகுப்புதான் சார். நீங்க உக்காந்திருக்கிறது என்னோட பெஞ்சு."

அதிகாரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "போட்டுட்டு வாங்கம்மா" என்றார். காய்ந்திருந்த மைப்பெட்டியில் புட்டியிலிருந்து ஊதா மையை ஊற்றினார்.

"கிழிச்ச ஓரம் மேல வர்ற மாதிரி கொடுங்க சார்" என்றாள் அம்மா. "அச்சு என் பக்கம் பாத்த மாதிரி."

"பாப்பா, நீ வெளியே போய் நில்லு" என்றார் கதவருகே நின்ற காவல்காரப் பெண்.

ஊசி வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்குப் பின்னாலேயே மாமா வந்தார். அவர் பின்னால் கணக்கர் வேகமாக வந்தார். ஊசியை அவர் கவனிக்கவில்லை. அவள் உயரம் அப்படி.

"என்னய்யா இது?" என்றார் கணக்கர். "உன் தங்கச்சி உன் பேச்சைக் கேக்க மாட்டாளா?"

"அவ அப்படித்தாங்க. சின்ன வயசுலேருந்தே பிடிவாதம்."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். மை இப்பத்தான் ஊத்தியிருக்காங்க. வழியுது. குத்தின இடத்துல அட்டையில கறை பிடிச்சிருக்கும். வெளியே வந்ததும் அட்டையை வாங்கிட்டு வா. எந்த ஓட்டைன்னு பார்த்துடுவோம்."

"பார்த்து..."

"மூணாவதா இருந்தா நல்லது. இல்லேன்னா முதலாளிகிட்ட நீயே சொல்லிக்கோ. உன்னையும் சேர்த்துத்தான் கேப்பார்."

கணக்கர் எதிரே முதலாளி ஆட்களின் மேசைப் பக்கம் போனார்.

ஊசி பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் இதை யோசிக்கவில்லை. அளவு யோசித்தாள், மடிப்பு யோசித்தாள், ஜன்னல்கள் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று யோசித்தாள். மை ஓரத்தில் ஒட்டும் என்று தெரிந்திருந்தும், ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அவள் வெட்டிய அட்டையே அம்மாவைக் காட்டிக் கொடுக்கப் போகிறது.

உள்ளே போய்ச் சொல்ல முடியாது. காவல்காரப் பெண் வழியில் கயிறு கட்டி நின்றார்.

கதவு வழியாக அம்மா வந்தாள். ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. இன்னொரு கை அட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தது. அம்மாவின் முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் நிமிர்ந்து நடந்தாள். அவள் இப்படி நடந்து ஊசி வெகு நாளாகப் பார்க்கவில்லை.

ஊசி ஓடிப் போய் அட்டையை வாங்கினாள். பார்க்காமலே பைக்குள் திணித்தாள்.

மாமா வந்துவிட்டார்.

"அட்டையை எடு."

"எதுக்கு மாமா?"

"எடுன்னா எடு."

மாமாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. எதிரே மேசையிலிருந்து கணக்கர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி பைக்குள் கையை விட்டாள். உள்ளே இரண்டு அட்டைகள். குனிந்து பார்த்தால் மாமாவும் பார்ப்பார். அவர் மூச்சு அவள் தலையில் பட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

விரல் ஒரு விளிம்பைத் தொட்டது. கூர்மையாக இருந்தது. இது இல்லை. அடுத்த விளிம்பைத் தொட்டாள். மழுங்கி, பஞ்சுபோல இருந்தது. இழுத்தாள்.

"இந்தாங்க."

மாமா பிடுங்கிப் பார்த்தார். முதல் ஜன்னலில் மை. இரண்டாவதில் மை. மூன்றாவதில், நான்காவதில், ஐந்தாவதில் மை. ஆறாவதிலும் மை.

அவர் அட்டையைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"என்ன பண்ணித் தொலைச்சிருக்கே?" என்று அம்மாவைக் கேட்டார். "எல்லாத்துலயும் குத்தியிருக்கே. ஆறு பேருக்கும் ஓட்டா போட்டே?"

அம்மாவின் புருவம் ஏறியது. கை ஊசியின் தோளைத் தேடி வந்து பிடித்தது. ஊசி அந்தக் கையை இறுக்கினாள். ஒரே ஒரு தடவை.

புருவம் இறங்கியது.

"நான் என்னத்தைக் கண்டேன்?" என்றாள் அம்மா.

மாமா நீளமாக மூச்சு விட்டார். கோபப்படுவார் என்று ஊசி நினைத்தாள். அவர் தோள் தளர்ந்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார்.

அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஆறுலயும் குத்திட்டாளா? வஞ்சனை இல்லாத மனசுய்யா."

"செல்லாத ஓட்டு. போகட்டும், எதிராளிக்குப் போகலையே."

சிரிப்பு மேலும் பெரிதானது. மாமாவும் சிரித்தார். அவர் சிரிப்பு மட்டும் மற்றவர்களுடையது முடிந்த பிறகும் கொஞ்சம் நீண்டது.

ஊசிக்குக் காது சூடேறியது.

"அம்மா, சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். வா, வீட்டுக்குப் போலாம்."

அம்மா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

"பழைய அட்டையைக் கொடுத்தியா?"

"ஆமா. தப்பாம்மா?"

"அட்டையைக் கேட்டான். அட்டையைக் கொடுத்தே."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஊசி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது.

"புதுசு எங்கே?"

"பையில இருக்கு."

"பார்த்தியா?"

"இல்ல."

"பார்க்கணும்னு தோணலியா?"

"தோணுது. ரொம்பத் தோணுது."

அம்மா பார்க்காதே என்று சொல்லவில்லை.

ஊசி அடுப்பைப் பற்ற வைத்தாள். பையை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டு வந்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, அட்டையை உருவி, தீயில் வைத்தாள். விரலைச் சுட்டுக்கொண்டாள். அட்டை எரிந்து முடியும் வரை சுவரையே பார்த்தாள். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு பல்லியைத் தவிர.

"எரிஞ்சிடுச்சா?"

"எரிஞ்சிடுச்சு."

"விரலைத் தண்ணியில வை" என்றாள் அம்மா. ஊசி சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவுக்குள் வந்தது. ஏணி ஜெயித்துவிட்டது. நிறைய வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. வண்டி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனது. சிலர் வாசலில் வந்து கைதட்டினார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை.

அம்மா குச்சியை எடுத்து அடுத்த கையுறையைப் புரட்டினாள். சத்தம் தேய்ந்து மறையும் வரை புரட்டிக்கொண்டே இருந்தாள். ஊசிக்கு அழுகை வந்தது. அம்மாவுக்குக் கேட்காமல் அழுதாள். அம்மாவுக்குக் கேட்டது.

"மூக்கைத் துடை. முத்திரை குத்துற சீட்டு நனைஞ்சிடும்."

இருட்டுவதற்குள் மாமா வந்தார். தோளில் ஒரு கட்டு. இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ஜெயிச்சாச்சு போல" என்றாள் அம்மா.

"ம்."

மாமா கட்டை இறக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தார்.

"எண்ணும்போது நானும் போயிருந்தேன்" என்றார். "ஒவ்வொரு சாவடியா வாசிச்சாங்க. நம்ம பள்ளிக்கூடத்தையும் வாசிச்சாங்க."

அம்மாவின் குச்சி நின்றது.

"செல்லாத ஓட்டு ஒண்ணுகூட இல்லையாம்."

ஊசி முத்திரையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மாமா அவள் பக்கம் திரும்பினார். அவள் கையிலிருந்த ஊதா முத்திரையைப் பார்த்தார். தரையில் கிடந்த பழைய கை மாதிரி அட்டைகளைப் பார்த்தார். அவற்றில் இரண்டு குறைந்திருந்தது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் அவர் புரிந்துகொண்டுவிட்டார் என்பது ஊசியைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

"எத்தனை அட்டை வெட்டினே?"

ஊசிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ரெண்டு."

மாமா மடியிலிருந்த கட்டின் முடிச்சை இறுக்கினார். வெளியே வண்டியின் சத்தம் தூரத்துத் தெருவில் கேட்டது.

"கணக்கர் அதைக் கவனிச்சாரா?" என்று அம்மா கேட்டாள்.

"அவர் ஏணியை மட்டும்தான் கேட்டுக்கிட்டிருந்தார். மத்ததெல்லாம் காதுல விழல."

"உனக்கு விழுந்துச்சே."

"விழுந்துச்சு."

மாமா சட்டைப்பைக்குள் கையை விட்டார். நான்காக மடித்த அட்டை ஒன்றை எடுத்தார். ஆறு ஜன்னல், ஆறிலும் மை. அதை ஊசியிடம் நீட்டினார்.

"அடுப்புல போட்டுடு. யாராவது வந்து கேட்டா ஒரு அட்டைதான் வெட்டினேன்னு சொல்லு. சொல்ல வரலேன்னா எதுவும் சொல்லாதே. நான் பார்த்துக்கிறேன்."

அவர் கட்டை இறக்கி அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசலில் கொஞ்சம் நின்றார்.

"ஜன்னல் எல்லாம் ஒரே அளவு" என்றார், யாரையும் பார்க்காமல். "நல்லாத்தான் வெட்டியிருக்கே."

அவர் போன பிறகு அம்மா புதுக் கட்டை அவிழ்த்தாள். ஊசி மடித்த அட்டையைப் பிரித்து, ஒரு தடவை பார்த்துவிட்டு அடுப்பில் போட்டாள். இதைப் பார்க்கலாம், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

"அம்மா, மாமா நேத்துச் சீட்டைக் கணக்கருக்குக் காட்டிட்டுத்தான் பெட்டியில போட்டார். நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன்."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மடிக்கிற சத்தம் லேட்டா கேட்டுச்சு."

அம்மா ஒரு கையுறையை எடுத்தாள். குச்சியைக் கட்டை விரலுக்குள் விட்டாள்.

"அடுத்த தேர்தலுக்கு மூணு அட்டையா வெட்டு, ஊசி."

"மூணாவது யாருக்கு?"

விரல் புரண்டு வெளியே வந்தது. அம்மா சிரித்தாள்.

"உங்க மாமாவுக்கு. அவனும் ஒரு தடவை துணை இல்லாமப் போடட்டும்."